ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது

"ஊரை விட்டுப் போனது பத்தாதா, ஆட்டத்தையும் விட்டுட்டியாடா?"

போன வருடம் பங்குனியில் அக்கா பையனிடம் வீடியோ காலில் நான் கேட்டது இது. கிண்டலாகத்தான் கேட்டேன் என்று இன்றுவரை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன், என்னிடமும்தான். அவன் மெல்பர்னில் மேல்படிப்பு படிக்கிறான். அன்றைக்கு ஒரு சிவப்புப் பந்தைக் கேமரா முன்னால் உருட்டிக் காட்டி, "மாமா, இங்க ஒரு ஃபுட்டி கிளப்ல சேர்ந்துட்டேன்" என்றான். பந்து தேங்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூம்பி இருந்தது. வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன். அவன் சிரித்தான், "ஆமா மாமா" என்றான், வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டான். அப்புறம் மூன்று வாரம் எனக்குக் கால் வரவில்லை. அக்காவிடம் பேசுகிறான், மாமாவிடம், அதாவது அவன் அப்பாவிடம், பேசுகிறான், என்னை மட்டும் "கேட்டேன்னு சொல்லு" என்று கடந்துபோகிறான். "நீ என்னடா சொன்ன அவன?" என்று அக்கா கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஒன்றுமில்லாமல் இல்லை. அவனுக்குப் பந்தாடச் சொல்லிக்கொடுத்தவன் நான். கிருஷ்ணகிரியில் கோட்டை மலை நிழல் சாயங்காலம் வந்து விழுகிற பள்ளி கிரவுண்டில், மண்டி வேலை முடிந்து ஐந்தரை மணிக்குப் போய் அவனை ஓடவிட்டிருக்கிறேன். எங்கள் பக்கம் ஃபுட்பால் பெரிய ஆட்டமில்லை. கபடி உண்டு, வாலிபால் உண்டு, கிரிக்கெட் எங்கும் உண்டு. ஃபுட்பால் ஆடுகிறவன் பத்துப் பேரில் ஒருவன். அவனுக்கு வலது கால் நன்றாக வரும், இடது கால் ஊன்றுகோல்தான். அதற்காக ஒரு கோடை முழுக்க வலது காலில் ரப்பர் செருப்பும் இடது காலில் ஷூவும் மாட்டிவிட்டுப் பள்ளிச் சுவரில் உதைக்க வைத்தேன். வலது காலால் உதைத்தால் கட்டைவிரல் வீங்கும், வேறு வழியில்லாமல் இடது வரும். அக்கா பார்த்துவிட்டு, "பைத்தியமாடா உனக்கு, பையன் கால் கோணிக்கப்போவுது" என்று சத்தம் போட்டாள். பையன் மாவட்ட அணி வரை போனான். அதற்கு மேல் போகவில்லை. இப்போது அவன் வேறு பந்தைக் காட்டிச் சிரிக்கும்போது எனக்கு அந்தச் சுவர் ஞாபகம் வந்ததா, இல்லை வேறு ஏதாவதா? இதைத்தான் ஒரு வருடத்துக்கும் மேலாகக் குடைந்துகொண்டிருக்கிறேன்.

ஃபுட்டி என்றால் ஆஸ்திரேலியக் கால்பந்து. அந்த ஆட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காக நாலு வரி. பக்கத்துக்கு 18 பேர். மைதானம் நீள்வட்டம், பெரும்பாலும் கிரிக்கெட் கிரவுண்டேதான். பந்தைக் கையால் எடுக்கலாம், ஓடலாம், ஆனால் 15 மீட்டருக்கு ஒருமுறை தரையில் தட்டவோ தொடவோ வேண்டும். அடுத்தவனுக்குத் தூக்கி எறியக் கூடாது, ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்ப வேண்டும். முனையில் நாலு கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்து அனுப்பினால் 6 புள்ளி, ஓரத்தில் போனால் 1. ஆஃப்சைடு கிடையாது. முதலில் பார்த்தபோது எனக்குச் சந்தை கலைகிற மாதிரிதான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து அவனே ஒரு போட்டோ அனுப்பினான். யாரா ஆற்றோரம் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் மட்டும் போட்ட ஒரு பாலம். சாப்பாடு டெலிவரிக்கு அந்த வழியாகத்தான் சைக்கிள் மிதிப்பானாம். பாலத்துக்கு ஜிம் ஸ்டைன்ஸ் என்று பெயர். "இவரும் ஆட்டத்த மாத்தினவர்தான் மாமா, படிச்சுப் பாருங்க." வேறு ஒரு வார்த்தை இல்லை. என் கேள்விக்கு அவன் சொன்ன பதில் அது என்று எனக்குப் புரிந்தது.

சைரனுக்கு முன்னால் சில விநாடிகள்

ஸ்டைன்ஸ் டப்ளின் பையன். அயர்லாந்தில் ஆடுவது கேலிக் கால்பந்து. அதிலும் கையால் எடுக்கலாம், உதைக்கலாம். ஆனால் பந்து உருண்டை, அணிக்கு 15 பேர், நாலு எட்டுக்கு மேல் சும்மா தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ஒருமுறை தரையில் தட்ட வேண்டும், அடுத்த முறை தன் கால் நுனியில் தட்டித் தானே பிடிக்க வேண்டும். மெல்பர்ன் கிளப்பின் பயிற்சியாளர் ரான் பராசிக்கு ஒரு யோசனை: உயரமாக, ஓடக்கூடிய, பந்தைப் பிடிக்கவும் உதைக்கவும் தெரிந்த பையன்கள் அயர்லாந்தில் இருக்கிறார்களே, பந்தின் வடிவத்தை மட்டும் மாற்றிச் சொல்லிக்கொடுத்தால் என்ன? கிளப் அங்கே பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. 1984-இல் டப்ளின் இளையோர் அணியோடு அகில அயர்லாந்து பட்டம் வென்ற கையோடு, 18 வயதில் ஸ்டைன்ஸ் விமானம் ஏறினார்.

அவருடைய முதல் இரண்டு மூன்று வருடத்தைப் படிக்கும்போதே பாவமாக இருந்தது. அந்தக் கூம்புப் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று தெரியாத ஆள். கீழ்மட்ட ஆட்டங்கள், வேறொரு கிளப்புக்கு இரவல். 1987-இல்தான் மெல்பர்னின் முதல் அணியில் இடம். அந்த வருடம் மெல்பர்ன் 23 ஆண்டுக்குப் பிறகு இறுதிக்கட்ட ஆட்டங்களுக்கு வந்திருந்தது. செப்டம்பரில் ஹாதார்ன் அணியோடு அரையிறுதி மாதிரியான ஆட்டம். ஜெயித்தால் இறுதிப் போட்டி.

அந்தக் கடைசி நிமிடத்தை நான் யூடியூபில் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மெல்பர்ன் 4 புள்ளி முன்னிலை. ஹாதார்னின் கேரி பக்கனாராவுக்கு ஒரு ஃப்ரீ கிக். கம்பம் தூரம்தான், அங்கிருந்து உதைத்தால் போய்ச் சேருமா என்பது சந்தேகம். அப்போது ஸ்டைன்ஸ் ஓடுகிறார். யாரையும் இடிக்கவில்லை, பந்தைத் தட்டவில்லை. தன் எதிராளியைத் துரத்திக்கொண்டு, உதைக்கிறவனுக்கு எதிரே யாரும் குறுக்கிடக் கூடாத இடத்தில் குறுக்கே ஓடிவிடுகிறார். அவ்வளவுதான். நடுவர் 15 மீட்டர் முன்னால் தள்ளிக் கொடுக்கிறார். சைரன் அலறிய பிறகு பக்கனாரா உதைக்கிறார், பந்து நடுவே போகிறது. 80-க்கு 78. இரண்டு புள்ளியில் மெல்பர்ன் வெளியே. டிரெஸ்ஸிங் ரூமில் அப்போதைய பயிற்சியாளர் (பராசி இல்லை) ஸ்டைன்ஸை நேருக்கு நேர் திட்டுவதும் கேமராவில் இருக்கிறது. (அடுத்த வருடத்திலிருந்து அந்தத் தண்டனை 50 மீட்டர் ஆனது. அவருடைய நல்ல நேரம் என்று சொல்வதா, கெட்ட நேரம் என்று சொல்வதா.)

எல்லோரும் அதை ஒரு முட்டாள்தனம் என்றே எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. என் ஊகம், ஊகம்தான்: அந்த இடத்தில் ஒரு ஆஸ்திரேலியப் பையனின் கால் தானாக நின்றிருக்கும். ஏழு வயதில் தெருவில் ஆடும்போதே அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோடு அவன் உடம்பில் விழுந்திருக்கும். ஸ்டைன்ஸுக்கு அந்தக் கோடு மண்டையில் இருந்தது, காலில் இல்லை. தன் ஆளை விடாதே, துரத்து என்று டப்ளினில் பழகிய கால், மூளைக்கு முன்னால் போய்விட்டது. மூன்று வருடமாகப் புது ஆட்டம் கற்றவர்தான். ஆனால் மூச்சு முட்டுகிற கடைசி நொடியில் ஆளுக்குள் எழுந்து ஓடியவன் பழைய ஆள்.

இதைப் பையனிடம் சொன்னேன். "கரெக்ட் மாமா, எனக்கும் பந்து கீழ உருண்டா கை போகவே மாட்டேங்குது" என்றான். பத்து வருடம் கையால் தொட்டால் ஃபவுல் என்று நான்தானே கத்திக்கொண்டிருந்தேன்.

சந்தூர் பக்கம்

தை மாதம் தங்கை கல்யாணத்துக்கு அவன் வந்தான், அந்தச் சிவப்புப் பந்தோடு. பகல் ஆட்டத்துக்குச் சிவப்பு, இரவு ஆட்டத்துக்கு மஞ்சளாம். கல்யாண வேலைக்கு நடுவே ஒருநாள் சந்தூர் பக்கம் மாமாவின் நாற்றுப் பண்ணைக்குப் பாக்கெட் ஏற்றிவிடப் போனோம். போச்சம்பள்ளி, சந்தூர் வட்டாரத்து மாங்கன்று ஆந்திரா வரை போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். மாமா கன்று வரிசையில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாய்த் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டு மாங்கொட்டை முளைத்த கன்று, அதன் தலையை வெட்டி மேலே செந்தூராவோ அல்போன்சாவோ வைத்து பிளாஸ்டிக் நாடா சுற்றியிருக்கும். சில கன்றுகளில் நாடாவுக்குக் கீழே, தண்டின் பக்கவாட்டில், செம்பு நிறத்தில் சின்னதாய் ஒரு துளிர். அதைக் கண்டதும் கட்டைவிரல் நகத்தால் கிள்ளிப் போட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்வார்.

"எதுக்குப்பா கிள்ற, நல்லாத்தானே துளுக்குது?" என்றான் பையன்.

"ஒட்டுக்குக் கீழ துளுத்தா அது நாட்டு மாங்கா. விட்டா அது சரசரன்னு மேல போயி, மேல வெச்சத சாகடிச்சுடும்."

"எத்தன நாளைக்குக் கிள்ளணும்?"

"மரம் ஆகுற வரைக்கும். சில மரம் காய்ப்புக்கு வந்தப்புறம்கூடத் துளுக்கும், என்னா பண்றது. வேரு அதோடதுதானே."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பையனும் என்னைப் பார்க்கவில்லை. அவன் பாட்டுக்குக் குந்தி நாலு கன்றில் கிள்ளிப் போட்டான். ஒன்றில் ஒட்டுக்கு மேலே இருந்த நல்ல துளிரையே கிள்ளிவிட்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் பழைய கிரவுண்டுக்குப் போனோம். அந்தப் பந்தை எப்படி உதைப்பது என்று எனக்குக் காட்டினான். உருண்டைப் பந்தைக் காலடியில் வைத்து உதைத்துப் பழகியவனுக்கு இது தலைகீழ் வித்தை. பந்தை இரண்டு கையாலும் தொடைக்கு நேரே செங்குத்தாகப் பிடிக்க வேண்டும், தையல் முன்பக்கம் பார்க்க. ஒரு கையை எடுத்துவிட்டு, மற்ற கையால் அதைச் சாயாமல் கீழே இறக்க வேண்டும், போடக் கூடாது. கால் பந்தின் கீழ்முனையில் பட்டால் அது பின்பக்கமாய்ச் சுழன்றுகொண்டு நேராகப் போகும். இறக்கும்போது ஒரு விரல்கடை சாய்ந்தால் போச்சு. அவன் உதைத்தது கோல்போஸ்டைத் தாண்டி வேப்பமரத்தில் மோதி விழுந்தது. நான் உதைத்தேன். என் செருப்பு பந்தை விடத் தூரம் போனது. பந்து பக்கத்தில் விழுந்து, இடப்பக்கம் போகிற மாதிரி இருந்து, என்னமோ நினைத்துக்கொண்டு வலப்பக்கம் எகிறிச் சாக்கடையில் இறங்கிவிட்டது. கபடி பயிற்சிக்கு வந்த பையன்கள் கோட்டுக்கு வெளியே நின்று சிரித்தார்கள். பதினெட்டு தடவை முயற்சி செய்தேன், எண்ணினேன். இரண்டு நேராகப் போனது. நாற்பத்தாறு வயதில் ஒரு பந்திடம் இப்படி அவமானப்படுவது எனக்குப் பிடித்திருந்தது என்பதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

நான் மாறாதவன்

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் எங்கள் பி.டி. வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். ஹேண்ட்பால் அணிக்கு உயரமான பையன் வேண்டும், நீ கோல்கீப்பர்தானே, கை நல்லா வருது, வா, மாநில அளவில் ஆடலாம், சர்டிபிகேட் வந்தால் காலேஜ் சீட்டுக்கு உதவும் என்றார். முடியாது என்றேன். ஃபுட்பாலை விட்டு வர மாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னதை ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அந்த வருடம் எங்கள் ஃபுட்பால் அணி முதல் சுற்றிலேயே தோற்றது. அடுத்த வருடம் அணியே இல்லை, ஆள் சேரவில்லை. ஹேண்ட்பாலுக்குப் போனவர்களில் ஒருவன் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குப் போய் இன்றைக்கு நல்லா இருக்கிறான். அவனைச் சந்தையில் பார்த்தால் எனக்கு முன்னால் அவன்தான் கையெடுத்துக் கும்பிடுவான். நான் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். இதில் குறை ஒன்றும் இல்லை, மாம்பழ சீசனில் பன்னிரண்டு மணி நேரம் பெங்களூரா வாசத்தில் உட்கார்ந்திருப்பதும் ஒரு வாழ்க்கைதான். ஆனால் "ஆட்டத்தையும் விட்டுட்டியா" என்று நான் கேட்டதில் பாதிதான் அவனுக்கு. மீதி யாருக்கு என்று இதை எழுத ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது.

இப்போதெல்லாம் வாட்ஸப்பில் ஜோர்டான் மைலாட்டா கதை சுற்றுகிறது. சிட்னிக்காரர், சமோவா வம்சாவளி, ரக்பி லீக் ஆடியவர். 6 அடி 8 அங்குலம், சுமார் 157 கிலோ. வாழ்க்கையில் ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம்கூட ஆடாத ஆளை 2018-இல் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் சுற்றில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி 233-ஆவது ஆளாக எடுத்தது. 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுல், அதாவது அந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டி, ஜெயித்த அணியில் அவர் இருந்தார். 40-க்கு 22. இதைத் தன்னம்பிக்கைக் கதையாகப் போட்டு அடியில் கைகூப்பும் படம் வைத்து அனுப்புகிறார்கள். அந்த ஃபார்வர்டில் எப்போதும் விடுபட்டுப் போவது நடுவில் உள்ள இரண்டு சீசன். 2018-லும் 2019-லும் அவர் ஒரு லீக் ஆட்டத்திலும் இறங்கவில்லை. ரக்பியில் பந்தைத் தூக்கிக்கொண்டு இடித்து ஓடிய மனிதர், பந்தைத் தொடவே வேலையில்லாத ஒரு இடத்தில், எதிராளியை மறித்துக்கொண்டு பின்னால் பின்னால் எட்டு வைப்பதைக் கற்றுக்கொண்டிருந்தார். எந்தக் காலை முதலில் வைப்பது, கையை எப்போது நீட்டுவது. இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் அவர் ஊரில் யாராவது ஒரு மாமா "என்னடா, அதையும் விட்டுட்ட, இதுவும் வரலையா" என்று கேட்டிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஸ்டைன்ஸுக்குத் திரும்புகிறேன். அந்தத் தவறுக்கு அப்புறம் அவர் டப்ளினுக்கு மூட்டை கட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் 1987-லிருந்து 1998 வரை தொடர்ந்து 244 ஆட்டங்கள் ஆடினார், நடுவில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல். அந்த ஆட்டத்தில் 2025 வரை அதுதான் சாதனை. 1991-இல் அந்த லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் அவருக்கு. அவர் ஆடியது நடுவில் எம்பிக் குதித்துப் பந்தைத் தட்டிவிடும் நெட்டையன் இடம். அதில் ஆடுகிறவர்கள் பொதுவாகக் குதித்துவிட்டு மெதுவாக நடப்பார்கள். இவர் ஓடிக்கொண்டே இருந்தார், நாலு கால்பகுதியும். அந்த ஓட்டம் டப்ளின் ஓட்டம். செப்டம்பரில் கோட்டுக்குக் குறுக்கே ஓடி ஆட்டத்தைத் தோற்கடித்த அதே கால்கள்தான். அவரை எதிலிருந்து திருத்த வேண்டுமோ அதை வைத்துத்தான் அவர் ஜெயித்திருக்கிறார். மாமாவிடம் இதைச் சொன்னால், நாட்டு வேர் இல்லாவிட்டால் அல்போன்சா இந்த வறண்ட மண்ணில் ரெண்டு வருஷம் தாங்காது என்பார். பிற்பாடு ஸ்டைன்ஸ் கடனில் மூழ்கியிருந்த அந்தக் கிளப்புக்கே தலைவரானார். புற்றுநோயோடு வேலை பார்த்தார். 2012 மார்ச்சில், 45 வயதில் போய்ச் சேர்ந்தார். மெல்பர்ன் கிளப் மறுபடி பட்டம் வென்றது 2021-இல்தான். அவர் பார்க்கவில்லை.

இன்னொருவரும் உண்டு, கெர்ரி மாவட்டத்து டைக் கென்னலி. சிட்னி அணியோடு 2005-இல் ஆஸ்திரேலியப் பட்டம், மேடையிலேயே ஐரிஷ் குத்தாட்டம். சில வாரத்தில் ஊரில் அப்பா இறந்துபோனார், அவரும் கெர்ரியின் பெயர்பெற்ற ஆட்டக்காரர். 2009-இல் மகன் வீட்டுக்கு வந்து, அப்பா ஆடிய உருண்டைப் பந்தை எடுத்து, அகில அயர்லாந்து பட்டமும் வென்றுவிட்டு, திரும்பச் சிட்னிக்கே போனார். இதை அக்காவிடம் சொன்னேன். "பாத்தியா, வந்தானில்ல" என்றாள். அவள் கேட்டது அந்தப் பாதியை மட்டும்தான்.

போன மாதம், ஒரு சனிக்கிழமை காலை பத்தேகால் மணி. அங்கே பிற்பகல் இரண்டே முக்கால். மண்டியில் லோடு இறங்கிக்கொண்டிருந்தது, ஏலச் சத்தத்தில் போன் அடித்ததே கேட்கவில்லை. பிறகு பார்த்தால் அவன் கிளப்பில் யாரோ எடுத்த வீடியோ, இருபது இருபத்தைந்து விநாடி. இரண்டாம் அணி ஆட்டம், லேசான மழை, வெள்ளைக்காரப் பையன்களுக்கு நடுவில் இவன் ஒல்லியாகத் தெரிகிறான். பந்து கம்பங்களுக்குப் பத்தடி முன்னால் சேற்றில் உருண்டு வருகிறது. சுற்றிலும் எல்லோரும் ஒரே வார்த்தையைக் கத்துகிறார்கள். எடு, எடு என்றுதான் இருக்க வேண்டும். இவன் குனியவில்லை. கை தொங்கிக்கொண்டே இருக்கிறது. ஓடிவந்த வேகத்தில் அப்படியே காலால் தட்டுகிறான், நம்ம ஆட்டத்தில் தட்டுகிற மாதிரி. கூம்புப் பந்து குடிகாரன் மாதிரி தடுமாறித் தடுமாறி நடு இரண்டு கம்பத்துக்குள் போகிறது. கோல் அம்பயர் இரண்டு ஆள்காட்டி விரலையும் முன்னால் நீட்டுகிறார். ஆறு புள்ளி. இரண்டு சீசனில் அவனுடைய முதல் கோல்.

லோடு கணக்கை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து கூப்பிட்டேன்.

"கோச் திட்டுறாரு மாமா, எடுத்துட்டுத்தான் அடிச்சிருக்கணுமாம். ஈரத்துல எந்தப் பக்கம் வேணா போயிருக்கும்ங்கறாரு."

"சரியாத்தான் சொல்றாரு" என்றேன். அப்புறம் கேட்டேன், "எந்தக் காலுடா? வீடியோவுல மறைக்குது."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. மழைச் சத்தம் மட்டும்.

"இடது, மாமா."

உள்ளே தராசுக்காரர் என் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்துவிட்டார். அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டுப் போனேன். அன்றைக்கு இரண்டு வண்டிக் கணக்கு எனக்குத் தப்பாக வந்தது, மறுபடி முதலிலிருந்து கூட்ட வேண்டியதாயிற்று.